சிவப்பைத் தொடாத கை

இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் மனிதர்களுக்குக் கைதட்டல் வேண்டியிருக்கிறது. கரண்ட் பில் கட்டினால் போன் கைதட்டுகிறது. நாலு தெரு நடந்தால், சபாஷ், இன்றைக்கு நாலாயிரம் அடி என்று அதுவே முதுகில் தட்டுகிறது. பக்கத்து வீட்டு அம்மாளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் ஒரு நட்சத்திரம் கிடைக்கிறதாம். தாகத்துக்குக் குடித்த தண்ணீருக்கு எதற்கு நட்சத்திரம்? பாய்லர்க்காரருக்கு இது விளங்கவே இல்லை. அவர் முப்பத்தெட்டு வருஷமாக ஒரு பாய்லரைக் கட்டி மேய்க்கிறார். அது ஒரு நாள்கூட அவரைப் பாராட்டியதில்லை. வெடிக்காமல் இருந்தது. அவ்வளவுதான் அது காட்டிய மரியாதை, அதுவே பெரிசு.

பாய்லர் இருப்பது ஒரு சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரிகளின் விரிப்பும் போர்வையும் மூட்டை மூட்டையாக அங்கே வரும். பின்பக்க அறையில் அழுக்குத் துணியைப் பிரிப்பார்கள், நடுக்கூடத்தில் துவைப்பார்கள், முன்பக்கத்தில் பெரிய உருளை இயந்திரத்தில் விட்டுத் தேய்ப்பார்கள். ஆள் உயர நீளத்துக்கு இரண்டு சூடான உருளைகள். ஈர விரிப்பை இந்தப் பக்கம் இரண்டு பேர் விளிம்பைப் பிடித்து உள்ளே விட்டால், அந்தப் பக்கம் மொரமொரவென்று வந்து விழும். விரலை விட்டாலும் அப்படித்தான் வந்து விழும். உருளைக்கு விரிப்பென்றும் விரலென்றும் வித்தியாசம் தெரியாது.

அவருடைய மகள் பின்பக்க அறையில் துணி பிரிக்கிறாள். முப்பத்தொரு வயது. பிறந்ததிலிருந்து காது கேட்காது, பேச்சும் வரவில்லை. எழுத்தும் தெரியாது. எல்லாரும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள், அதாவது அவளைப் பற்றிப் பேசும்போது. அவளைக் கூப்பிடுவதென்றால் தரையில் காலால் இரண்டு தட்டு தட்ட வேண்டும். யார் முகத்தைப் பார்த்துப் பேசினாலும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவாள். புரிந்தாலும் ஆட்டுவாள், புரியாவிட்டால் இன்னும் வேகமாக ஆட்டுவாள். காது கேட்கிற உலகத்தோடு அவள் செய்துகொண்ட ஏற்பாடு அது. தலையாட்டினால் விட்டுவிடுவார்கள்.

மாசக் கடைசியோடு பின்பக்க அறையை மூடுகிறார்கள் என்று செய்தி வந்தது. இனிமேல் ஆஸ்பத்திரிகளே துணியைப் பிரித்து அனுப்பிவிடுமாம். பிரிக்கிறவர்கள் எல்லாரும் உருளைக்கு மாற வேண்டும். உருளைக்கு மாற வேண்டுமென்றால் டேப் என்கிற தொடுதிரைப் பலகையில் ஒரு பாதுகாப்புப் பாடம் படித்துத் தேற வேண்டும். தேறாதவர்கள் வீட்டுக்குப் போகலாம். மகளுக்கு வீடு என்றால் இரண்டு அறை, ஒரு ஜன்னல், அவர் திரும்பி வருகிற வரைக்கும் சுவர். அவருக்கு அறுபத்தேழு வயசு. அவர் திரும்பி வராத ஒரு நாளும் இருக்கிறது.

பாடத்தைச் செய்தது வெளியே ஒரு ஆபீஸ். அங்கிருந்து ஒரு பெண் மூன்று வாரமாக வந்து உட்கார்ந்திருந்தாள். பாடக்காரப் பெண் என்று பெயர் விழுந்துவிட்டது. கெட்டவள் இல்லை. உருளைக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நின்று வேர்த்து ஊற்றி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம் போட்டாள், கண் மங்கியவர்களுக்குப் பெரிய எழுத்தும் குரலும் வைத்தாள், கை நடுங்குகிற ஒரு கிழவருக்காகப் பொத்தானை இட்லித்தட்டு அளவுக்குப் பெரிதாக்கினாள் என்று துவைக்கிறவர்கள் கிண்டல் செய்தார்கள். காது கேட்காதவர்களுக்காகத் திரையின் மூலையில் ஒரு ஆள் நின்று கையால் பேசுவார். சரியாகத் தொட்டால் டேப் கைக்குள் சிலிர்க்கும், பச்சைக் குறி வரும், உள்ளேயிருந்து ஒரு கூட்டமே கைதட்டும். எல்லாருக்குமான பாடம் என்று அட்டையிலேயே போட்டிருந்தது.

முதல் சோதனை சாப்பாட்டு அறையில் நடந்தது. பாய்லர்க்காரர் மகளின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கூடாது என்றார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

டேப்பைத் திறந்ததும் மூலையிலிருந்த ஆள் கையை ஆட்டினார். மகள் சந்தோஷமாகத் திருப்பிக் கையாட்டினாள்.

"ஏம்மா, அந்த ஆளு என்ன சொல்றாரு?" என்று பாய்லர்க்காரர் பாடக்காரப் பெண்ணைக் கேட்டார்.

"அது சைகை மொழிங்க ஐயா. பாப்பாவுக்காகத்தான் வெச்சது."

"எங்க வீட்டுக் கைப்பேச்சுதான் அவளுக்குத் தெரியும். இது தெரியாதே."

"எங்கயும் படிக்க அனுப்பலீங்களா?"

அனுப்பினார், ஒன்பது நாள். பத்தாம் நாள் அவள் முட்டியில் காயத்தோடு வர, இந்தப் படிப்பும் வேண்டாம், இந்தப் பையன்கள் சகவாசமும் வேண்டாம் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். மூன்றாம் வகுப்போடு தானும் அப்படித்தான் வந்தவர். அந்தக் கணக்கை அவர் யாரிடமும் பேசுவதில்லை.

பாடத்தில் பன்னிரண்டு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் மூன்று படம். விரிப்பு உருளையில் சிக்கிக்கொண்டால் என்ன செய்வாய் என்பதுதான் முக்கியமான கேள்வி. கையால் பிடித்து இழுப்பது ஒரு படம், அப்படியே நின்று பார்ப்பது ஒரு படம், இயந்திரத்தின் ஓரத்திலிருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கி நிறுத்துவது ஒரு படம். மகள் முதல் படத்தைத் தொட்டாள். அது பனி மாதிரிக் கரைந்து மறைந்தது. இரண்டாவதைத் தொட்டாள். அதுவும் மறைந்தது. மிச்சமிருந்தது ஒன்றுதான். அதைச் சுண்டுவிரல் நுனியால் சட்டென்று தொட்டு விரலை எடுத்தாள். டேப் சிலிர்த்தது, கூட்டம் கைதட்டியது, அவள் திரும்பி அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

நூற்றுக்கு நூறு. சூப்பர்வைசர் வந்து அவள் தோளில் தட்டினார். பாடக்காரப் பெண்ணுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மகள் எல்லாருக்கும் தலையாட்டினாள்.

பாய்லர்க்காரர் மட்டும் சிரிக்கவில்லை. ஏழு கேள்விகளில் அந்தச் சிவப்புப் பொத்தான் வந்தது. ஏழிலும் அவள் அதைக் கடைசியாகத்தான் தொட்டாள். அதுவும் அடுப்பைத் தொடுகிற மாதிரி. பாய்லருக்குத் திரும்பி வந்து பெட்டியின்மேல் உட்கார்ந்தவருக்கு, ஏன் என்பது சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது உறைத்தது. டப்பாவை அப்படியே மூடி வைத்தார்.

பின்பக்க அறைக்கு மூன்று நிறத்தில் மூட்டை வரும். வெள்ளையும் நீலமும் அவிழ்த்துப் பிரிக்க வேண்டியவை. சிவப்பு மூட்டை தொற்று நோயாளிகளுடையது. உள்ளே ரத்தம் இருக்கும், ஊசிகூடக் கிடக்கும். கனத்த கையுறை போட்ட ஆட்கள் மட்டும்தான் அதை எடுத்து, அவிழ்க்காமலே தனி இயந்திரத்தில் போடுவார்கள். மகளை வேலைக்குக் கொண்டுவந்த முதல் மாசம், இதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. நோய் என்பதற்கு அவர்களுடைய கைப்பேச்சில் ஒரு சைகையும் இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் சொன்னார். அவள் கை சிவப்புப் பக்கம் போகும்போதெல்லாம் புறங்கையில் ஓங்கி ஒரு அடி. ஒரு மாசம் அடித்தார். வெளுத்த கை கன்றிப் போயிருந்தது. அதற்கப்புறம் பதினோரு வருஷமாக அவள் எந்தச் சிவப்பையும் தொட்டதில்லை. வீட்டில் சிவப்பு வாளியைக்கூடத் தொடமாட்டாள், அவர்தான் நகர்த்தி வைப்பார். நல்லா படிச்சிருக்கா என்று அப்போது பெருமையாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் உருளை நின்று ஆறிய பிறகு மகளை அங்கே கூட்டிப்போனார். விரிப்பு சிக்கிக்கொண்ட மாதிரி செய்து காட்டினார். அவள் கையைப் பிடித்துப் பொத்தானுக்குக் கொண்டுபோனார். அவள் கையை உருவிக்கொண்டாள். மறுபடி பிடித்தார். உடம்பையே பின்னால் சாய்த்து, ஆட்டுக்குட்டி மாதிரிக் காலை ஊன்றிக்கொண்டாள். சரி, பார்த்துக்கொள் என்று அவரே பொத்தானில் கையை வைத்தார். வைத்த கணத்தில் அவருடைய புறங்கையில் பளீரென்று ஒரு அடி விழுந்தது. மகள் அடித்திருந்தாள். அடித்துவிட்டு, அவர் கையை எடுத்துத் தன் புடவைத் தலைப்பில் பரபரவென்று துடைத்துவிட்டாள். நல்லவேளை, உனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்கிற முகம்.

அவர் கையில் அடிபட்ட இடம் சுரீர் சுரீரென்றது.

அவருக்கு முன்னால் இரண்டே வழி இருந்தது. வாயை மூடிக்கொண்டால் அவளுக்கு வேலை உண்டு, ஒரு நாள் விரிப்பு சிக்கும்போது கை இருக்காது. வாயைத் திறந்தால் கை இருக்கும், வேலை இருக்காது. மூன்றாவதாக ஒரு வழி இருக்குமா என்று இரண்டு நாள் பாய்லர் முன்னால் உட்கார்ந்து பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. மூன்றாம் நாள் மதியம் பாடக்காரப் பெண் டீக் குடித்துக்கொண்டிருந்த மேசைக்குப் போனார்.

"உன் பாடம் பொய் சொல்லுதும்மா," என்றார்.

அவள் டீயைக் கீழே வைத்தாள். அவர் சொல்லச் சொல்ல, மூட்டை, அடி, வாளி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு தன் கம்ப்யூட்டரைத் திறந்து, மகள் எந்தப் படத்தை எத்தனாவதாகத் தொட்டாள் என்று பார்த்தாள். அதெல்லாம் உள்ளே பதிவாகியிருக்குமாம். இதுவரை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை, மார்க் வந்துவிட்டதே என்று விட்டுவிட்டார்கள். ஏழு கேள்வி, ஏழிலும் மூன்றாவது தொடுதல். மற்ற ஐந்திலும் ஏறக்குறைய அதே கதைதான். அவள் முகம் வெளுத்துப் போனது.

"யாரும் தோத்துட்டோம்னு மனசொடஞ்சு போயிடக் கூடாதுன்னுதான் ஐயா தப்பான படத்த மறைய வெச்சோம்," என்றாள்.

"மனசு ஒடஞ்சா ஒட்ட வெச்சுக்கலாம்மா. கை போனா?"

அவள் அன்றைக்கே போய் மேலே சொல்லிவிட்டாள். அந்த நேர்மைக்கு அவளை மெச்சத்தான் வேண்டும், ஆனால் மெச்சுகிற மனநிலையில் அவர் இல்லை. சூப்பர்வைசர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, நூறு மார்க் வாங்கிய பொண்ணை நீங்களே கீழே தள்ளிவிட்டீர்களே பெரியவரே, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று அங்கலாய்த்தார். அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டுமே.

பாடத்தைத் திருத்தினார்கள். தப்பான படம் இப்போது மறையாது, அதன் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி விழும். மகள் முதல் படத்தைத் தொட்டாள், குறி விழுந்தது. சிவப்பைக் கண்டதும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அறையிலிருந்த எல்லாருக்கும் ஒவ்வொருவராகத் தலையாட்டினாள். மிச்சக் கேள்வி எதற்கும் அவள் கை மேசைக்கு வரவில்லை. முதல் முயற்சி அப்படிப் போனது. திருத்திய பாடத்துக்கு மொத்தம் மூன்று முயற்சிதான்.

பாடக்காரப் பெண் ராத்தூக்கம் இல்லாமல் உட்கார்ந்து குறியைக் கறுப்பாக்கினாள். பொத்தானைப் பாடத்தில் மஞ்சளாக்கிப் பார்த்தாள். மஞ்சளென்றால் மகள் தயங்காமல் தொட்டாள். ஆனால் இயந்திரத்தின் பொத்தான் மஞ்சள் இல்லையே. அதை மாற்ற முடியுமா என்று சூப்பர்வைசரைக் கேட்டதற்கு, எந்த ஊரிலும் எந்த இயந்திரத்திலும் நிறுத்துகிற பொத்தான் சிவப்புதான், அதற்குப் பெயின்ட் அடித்தால் பரிசோதனைக்கு வருகிறவர்கள் கூடத்தையே மூடிவிடுவார்கள் என்றார். அவர் சொன்னதும் சரிதான். மற்ற முப்பது பேருக்கு நிறுத்துவதென்றால் சிவப்பு.

நடுவில் ஒரு நாள் பாய்லர்க்காரருக்கு ஒரு யோசனை பிறந்தது. சிவப்பு மூட்டையைத் தூக்குகிற ஆட்களின் கனத்த கையுறை ஒரு ஜோடியைக் கேட்டு வாங்கி வந்து மகளுக்குப் போட்டுவிட்டார். உருளையை ஓட்டிவிட்டுப் பொத்தானைக் காட்டினார். அவள் கையுறையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கையை நீட்டிப் பொத்தானை அமுக்கினாள். உருளை டொக்கென்று நின்றது. அவள் மறுபடி அமுக்கினாள். அவர் மறுபடி ஓட்டிவிட்டார், அவள் மறுபடி நிறுத்தினாள். பத்துத் தடவைக்கு மேல் அப்படி விளையாடினார்கள். தனக்கும் கையுறை கிடைத்துவிட்டது, தானும் சிவப்பைத் தொடுகிற பெரிய ஆள் ஆகிவிட்டோம் என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பாடக்காரப் பெண் போனில் அதைப் படம் எடுத்தாள். எடுக்கும்போதே சிரித்தாள், அழுதாள்.

பாய்லர்க்காரருக்கும் நெஞ்சில் ஏதோ இளகியது. எல்லாம் சரியாகிவிடும்போல இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டார். அவர் வாழ்க்கையில் அப்படி நினைத்த நிமிஷங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு உதை காத்திருந்திருக்கிறது.

சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயா, உருளைகிட்ட கையுறை போடவே கூடாது. நுனி மாட்டினா முழங்கை வரைக்கும் இழுத்துடும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். முப்பத்தெட்டு வருஷமாகத் தெரியும். பாடத்திலேயே நாலாவது கேள்வி அது. ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

கையுறையைக் கழற்றச் சொன்னதும் மகள் கழற்றமாட்டேன் என்று கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அவர்தான் ஒவ்வொரு விரலாக உருவி எடுத்தார். வெறும் கையோடு பொத்தானைக் காட்டினால் பழையபடி பின்னால் சாய்ந்தாள்.

இரண்டாவது முயற்சியில் நாற்பத்திரண்டு மார்க். மூன்றாவதில் முப்பத்துமூன்று. தேற எண்பது வேண்டும். மூன்றாவது தடவை டேப் முன்போலச் சிலிர்க்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். அதைத் தூக்கி உள்ளங்கையில் வைத்து, சிலிர்க்கிறதா என்று காத்திருந்தாள். பிறகு ரிப்பேராகிவிட்டது என்று நினைத்தோ என்னவோ, அதைப் பாடக்காரப் பெண்ணிடம் கொடுத்து, பரவாயில்லை என்கிற மாதிரி அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

மாசக் கடைசி நாள். பின்பக்க அறையில் மேசைகளை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் தன் ஏப்ரனை வழக்கம்போல மடித்து ஆணியில் மாட்டினாள். நாளைக்கு வந்து எடுக்கப்போகிறவள் மாதிரி மாட்டினாள். வேலை போனதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார். அதற்கும் அவர்களிடம் சைகை இல்லை. நாளைக் காலையில் அவர் மட்டும் செருப்பை மாட்டும்போது அவள் தானாகப் படித்துக்கொள்வாள். அந்தப் பாடத்தில் படம் எதுவும் மறையாது.

வாசலில் பாடக்காரப் பெண் காத்திருந்தாள். கையில் ஒரு சான்றிதழ். பாடத்தை உருவாக்க உதவியதற்கு நன்றி என்று மகள் பெயருக்குப் போட்டது. ஆபீஸில் கொடுத்த அட்டைக்குள் வைத்திருந்தாள். அட்டை சிவப்பு. பாதி தூரம் நீட்டியபிறகுதான் அவளுக்கே தெரிந்தது. மகளின் கைகள் அதற்குள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. பெண் அவசரமாகத் தாளை மட்டும் உருவி, அட்டையைத் தன் பைக்குள் திணித்தாள். அவள் காதுமடல் சிவந்திருந்தது. மகள் தாளை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, சிரித்துத் தலையாட்டினாள்.

"பாப்பாகிட்டருந்துதான் ஐயா நாங்க நெறைய கத்துக்கிட்டோம்," என்றாள் பெண். "அடுத்த பாடத்துல, படிக்கிறவங்க ஏற்கெனவே எதப் பாத்து பயப்படுறாங்கன்னு மொதல்ல தெரிஞ்சுக்கிட்டுத்தான் ஆரம்பிப்போம். ஆறு மாசம் ஆகும். இவங்கள மாதிரி இருக்கிற எல்லாருக்கும் அது உதவும்."

"இவள மாதிரி எல்லாரும் எங்கம்மா இருக்காங்க?" என்றார் அவர். "நான் பாத்த வரைக்கும் இவ ஒருத்திதான் இருக்கா."

"அப்படிச் சொல்லாதீங்க ஐயா. கண்டிப்பா ஒரு நாள் சரியா செஞ்சிடுவோம். நீங்களும் அப்பப்ப வந்து சொல்லிக் குடுங்க."

"சொல்லிக் குடுக்கிறதா?" அவர் தன் புறங்கையைப் பார்த்துக்கொண்டார். "நான் ஒண்ணே ஒண்ணுதாம்மா அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். அது நல்லா ஏறிடுச்சு."

பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆறு மாசம், புது முறை, நிபுணர்கள் என்று ஆரம்பித்தது அவர் காதில் விழுந்தது. நல்ல பெண்தான், பொய் சொல்லவில்லை, செய்தாலும் செய்வாள். யாருக்காவது அது உதவினாலும் உதவும். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. காலால் தரையில் இரண்டு தட்டு தட்டினார். மகள் தாளைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். அந்தப் பெண் பேசி முடிப்பதற்குள் அவர் தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்திருந்தார். மகள் மட்டும் முனை திரும்புகிற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே போனாள்.